வயதுரைக்கும் ஆங்கிலச் சொற்கள்

ஒருவருடைய வயதை எண்ணால் சொல்லிவிடலாம். ஆயினும் எண்ணோடு அமைதி கண்ட மொழி எதனையும் நாம் அறியோம். குழவி, சிறுவன், இளைஞன், முதியவர் என்று வாழ்நாளைப் பகுத்துப் பெயரிட்டே மக்கள் பேசிவந்துள்ளனர். அப்பெயர்கள் ஆண்டுக் கணக்கைத்தான் உரைக்கின்றன என்று பொதுவாக எண்ணுகிறோம். அவற்றின் வேரைத் தோண்டிப் பார்ப்பவர்க்கு வேறொரு செய்தி கிடைக்கும். யாரை மதிப்பது, யாரை ஏவுவது, யார் பேசும்போது செவிசாய்ப்பது என்னும் சமுதாய வழக்குகள் வயதுச் சொற்களுக்குள் மறைந்து கிடக்கின்றன.

பகுதி ஒன்றில் தமிழும் பகுதி இரண்டில் ஆங்கிலமும் பயிலும் நம் மாணவர் நாள்தோறும் எதிர்கொள்ளும் ஆங்கில வயதுச் சொற்கள் சிலவற்றை ஈண்டு எடுத்துக்கொள்வோம். தமிழ்த்துறை மலரில் ஆங்கிலச் சொல்லாய்வு எதற்கு என்று வினவுவோர் இருக்கலாம். இச்சொற்களைத் தமிழாக்கும் பொறுப்பு நம்முடையது. பிறப்பறியாச் சொல்லைப் பெயர்த்து வைத்தால் அதிலுள்ள இகழ்ச்சியும் சேர்ந்தே பெயர்ந்து வந்துவிடும் என்பதே நம் விடை.

ஆங்கிலம் ஜெர்மானியக் கிளையைச் சேர்ந்த மொழி. 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு அமர்ந்தது. சமயத்திலும் கல்வியிலும் இலத்தீன் அதற்கு முன்பே வேரூன்றியிருந்தது. ஆகவே ஆங்கிலத்தின் வயதுச் சொற்கள் இரண்டு அடுக்குகளாயின. வீட்டில் புழங்கிய 'சைல்டு', 'யங்', 'ஓல்டு' முதலியன பழைய ஆங்கிலச் சொற்கள். சட்டமும் மருத்துவமும் கையாளும் 'இன்ஃபன்ட்', 'மைனர்', 'ஜுவனைல்', 'அடல்ட்', 'செனைல்' முதலியன இலத்தீன் வழிவந்தவை. வயதைக் குறிக்கும் 'ஏஜ்' என்ற சொல்லே பிரெஞ்சின் வழியாக நுழைந்த இலத்தீன் சொல்தான். ஊழி, வாழ்நாள் எனப் பொருள்படும் 'ஐவும்' என்பது அதன் மூலம். முடிவற்ற காலத்தைக் குறிக்கும் 'எட்டர்னல்' என்பதற்கும் அதுவே மூலம். கழிந்து போகும் வயதுக்கும் கழியாத காலத்துக்கும் தாய் ஒருத்தியே!

வளர்ந்தவரும் வளர்க்கப்பட்டவரும்

'ஓல்டு' என்றவுடன் பழையது, தேய்ந்தது, பயன் குறைந்தது என்ற பொருள்களே இன்று நினைவுக்கு வருகின்றன. மொழிநூலார் காட்டும் மூலமோ முற்றிலும் மாறானது. இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பத்தில் 'அல்' என்று ஒரு வேர்ச்சொல் உண்டு. ஊட்டி வளர்த்தல், வளர்தல் என்பன அதன் பொருள். அவ்வேரின் எச்ச வடிவம் ஒன்றே ஜெர்மானியக் கிளையில் 'ஓல்டு' ஆயிற்று. ஆகவே அச்சொல்லின் முதற்பொருள் 'வளர்ந்தவர்' என்பதாகும்.

இதே வேர் இலத்தீனில் 'அலெரே' என்னும் வினையாகி ஊட்டுதலைக் குறித்தது. அதிலிருந்து கிளைத்தது, வளர்ந்து வருதல் என்னும் பொருளுடைய மற்றொரு வினை. அதன் நிகழ்கால எச்சம் 'அடோலசென்ட்', அதாவது வளர்ந்துகொண்டிருப்பவர். அதன் இறந்தகால எச்சம் 'அடல்ட்', அதாவது வளர்ந்து முடித்தவர். ஒரே வினையின் இரு காலங்கள் இரு பருவங்களுக்குப் பெயராயின. தமிழில் 'வளரிளம் பருவம்' என்ற ஆக்கம் வழங்குகிறது. 'வளர்' என்னும் வினையடியை முன்னிறுத்தும் அவ்வாக்கம் மூலத்தோடு எவ்வளவு இயைந்து நிற்கிறது என்பது நோக்கத்தக்கது. 'அடல்ட்' என்பதைக் கலப்படம் செய்தலைக் குறிக்கும் 'அடல்ட்டரேட்' என்பதோடு உறவுபடுத்துவோர் உளர். அது பிழை. பின்னது 'வேறு' எனப் பொருள்படும் 'அல்தெர்' என்ற இலத்தீன் சொல்வழி வந்தது.

கல்லூரி மலரில் விட்டுவிடக் கூடாத சொல் ஒன்று இக்குடும்பத்தில் இருக்கிறது. முன்னாள் மாணவரை 'அலும்னஸ்' என்கிறோம். இலத்தீனில் அதற்கு வளர்ப்புப் பிள்ளை என்று பொருள். தாம் பயின்ற கல்லூரியை 'அல்மா மேட்டர்' என்பதும் 'ஊட்டி வளர்க்கும் தாய்' என்ற பொருளிலேதான். முன்னாள் மாணவர்க்கு 'ஓல்டு பாய்ஸ்' என்ற பெயரும் அலிகாரிலும் பிற இடங்களிலும் வழங்கிவந்தது. கேட்பதற்கு வேடிக்கையான முரண்தொடராகத் தோன்றினாலும், வேர்ப்பொருளில் அது 'வளர்ந்துவிட்ட சிறுவர்' என்றே ஆகிறது, பிழையொன்றுமில்லை.

உலகைக் குறிக்கும் 'வேர்ல்டு' என்ற சொல்லுக்குள்ளும் இந்த 'ஓல்டு' பதுங்கியிருக்கிறது என்றால் மாணவர் வியப்பர். பழைய ஆங்கிலத்தில் 'வெர்' என்றால் மனிதன். பின்னொட்டாக நின்ற பகுதிக்கு வயது, காலம் என்று பொருள். 'மனிதரின் காலம்' என்பதே மெல்ல மெல்ல மனிதர் வாழும் இடத்துக்குப் பெயராயிற்று.

எல்லைகள் எங்கே?

இச்சொற்கள் எந்த வயதில் தொடங்கி எந்த வயதில் முடிகின்றன என்று கேட்டால் விடை நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மாறுகிறது. உரோமானிய அறிஞர் வர்ரோ வாழ்நாளைப் பதினைந்து பதினைந்து ஆண்டுகளாகப் பகுத்தார் என்று அறிகிறோம். 15 வரை சிறார்; 30 வரை 'அடோலசென்ட்' என்பதன் மூலச்சொல்லுக்கு உரியோர்; 45 வரை 'ஜுவனைல்' என்பதன் மூலச்சொல்லுக்கு உரியோர்; 60 வரை 'சீனியர்'; அதற்கப்பால் முதியோர். நாற்பத்து நான்கு வயது உரோமானியர் 'ஜுவனைல்' என்றால் நம் வழக்கறிஞர்கள் நகைப்பர். இந்தியாவில் 1986ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் ஆண்களுக்கு 16, பெண்களுக்கு 18 என்று வரம்பு கட்டியது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் இருபாலர்க்கும் 18 ஆக்கியது. அதற்குள் 'ஜுவனைல்' என்றாலே குற்றம் புரிந்த சிறுவன் என்ற நிழல் அச்சொல்லின்மேல் படிந்துவிட்டது. அதனால் 2015ஆம் ஆண்டுச் சட்டம் தன் பெயரில் அச்சொல்லை வைத்துக்கொண்டாலும், உள்ளே பெரிதும் 'சட்டத்தோடு முரண்பட்ட குழந்தை' என்றே பேசுகிறது. இளமையின் ஆற்றலைக் குறித்த சொல்லுக்கு வந்த நிலை இது!

'ஜுவனைல்', 'ஜூனியர்', 'யங்' மூன்றும் ஒரே வேரின. வடமொழி 'யுவன்' என்பதும் அவ்வேரினதே. வில்லியம் ஜோன்ஸ் 1786இல் கல்கத்தாவில் ஆற்றிய உரையில் வடமொழி, கிரேக்கம், இலத்தீன் ஆகியவற்றின் உறவைச் சுட்டினார். அவ்வுறவுக்கு இச்சொல் நல்ல சான்று. தமிழில் வழங்கும் யுவன், யுவதி என்பன வடமொழியிலிருந்து பெற்ற கடன். தமிழ் திராவிடக் குடும்பத்தது என்பதைக் கால்டுவெல் 1856இல் நிறுவிவிட்டார். ஆகவே இவ்வொலி ஒற்றுமையைக் கொண்டு ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் உறவு கற்பிக்க முனைவது வீண் முயற்சி.

'டீனேஜர்' என்னும் சொல்லின் எல்லை இன்னும் விந்தையானது. 13 முதல் 19 வரையுள்ள ஆங்கில எண்ணுப்பெயர்கள் 'டீன்' என்று முடிகின்றன. அந்த ஈற்றுக்குப் பத்து என்று பொருள். அந்த ஓர் ஈற்றைக் கொண்டே ஒரு பருவம் வகுக்கப்பட்டது. 11, 12 ஆகியவற்றுக்கு அவ்வீறு இல்லை. பத்து எண்ணியபின் 'ஒன்று எஞ்சியது', 'இரண்டு எஞ்சியது' என்பனவே 'இலெவன்', 'டுவெல்வ்' என்பவற்றின் பழம்பொருள். ஆகவே பன்னிரண்டு வயதுப் பிள்ளை 'டீனேஜர்' ஆகாது. தமிழில் இதனைப் 'பதின்பருவம்' என்கிறோம். தமிழ் எண்ணுப்பெயர் முறைப்படி பார்த்தால் பதினொன்றும் அப்பருவத்துள் புகுந்துவிடும். பத்தொன்பது வெளியே நின்று வாதாடும்! இயற்கை வகுத்த எல்லை அன்று அது. எண்ணுப்பெயர் வகுத்த எல்லை. ஸ்டான்லி ஹால் என்ற அமெரிக்க உளநூலார் 1904இல் வளரிளம் பருவம் பற்றிப் பெருநூல் எழுதினார். 'டீனேஜர்' என்னும் சொல் 1940களில்தான் அமெரிக்காவில் பரவலாயிற்று. அதற்கு முன்னும் அவ்வயதினர் இருந்தனர். தனிக்குழுவாக அவர்களைச் சுட்டும் பெயர்தான் இல்லை.

பேசாதவர்

குழந்தையைக் குறிக்கும் 'இன்ஃபன்ட்' என்பதற்குப் 'பேசாதவர்' என்று பொருள். 'ஃபாரி' என்னும் இலத்தீன் வினைக்குப் பேசுதல் என்று பொருள்; அதன் எதிர்மறை வடிவம் இது. புகழைக் குறிக்கும் 'ஃபேம்', கதையைக் குறிக்கும் 'ஃபேபிள்', விதியைக் குறிக்கும் 'ஃபேட்' எல்லாம் பேச்சின் பிள்ளைகளே. ஆங்கிலச் சட்டம் இச்சொல்லை நீட்டிப் பிடித்து, 21 வயது நிரம்பாதவர் அனைவரையும் 'இன்ஃபன்ட்' என்றே அழைத்துவந்தது. வாய் ஓயாது பேசும் இருபது வயது இளைஞரும் சட்டத்தின் முன் பேசாதவரே! இங்கிலாந்தில் 1969ஆம் ஆண்டின் குடும்பச் சட்டச் சீர்திருத்தம் வயது வரம்பை 18 ஆக்கி, 'மைனர்' என்ற பெயரையும் வழங்க இடந்தந்தது. 'மைனர்' என்றால் சிறியவர். இந்தியாவில் வாக்குரிமை வயது 21இலிருந்து 18 ஆனது 1989இல். வாக்களிப்பதும் ஒருவகைப் பேச்சுத்தானே.

இவ்விடத்து அரபுச் சொல் ஒன்றை ஒப்புநோக்குதல் பயனுடையது. மார்க்கக் கடமைகள் பொறுப்பாகும் வயதை அடைந்தவரை நம் மக்கள் 'பாலிக்' என்பர். 'எட்டினார், சென்றடைந்தார்' என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்தது அது. சொல்வன்மையை ஆராயும் கலைக்கு அரபு மொழியில் 'பலாகா' என்ற பெயர் அதே வேரிலிருந்து அமைந்தது. கேட்பவர் உள்ளத்தை எட்டும் பேச்சு என்பது கருத்து. இலத்தீன் குழவியைப் பேச்சின்மையால் பெயரிட்டது. அரபியிலோ வயதெய்தலும் சொல்லெய்தலும் ஒரு வேரில் தழைத்தன.

இரண்டு சிறுவர்

இனி, இவ்வாய்வில் நம்மை மிகவும் கவர்ந்த பகுதிக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் சிறுவனைக் குறிக்க 'க்னிஹ்ட்', 'க்னஃபா' என்று இரு சொற்கள் இருந்தன. இரண்டும் சிறுவன் என்ற பொருளிலிருந்து ஏவலாள் என்ற பொருளுக்கு நகர்ந்தன. பெரியவர் வீட்டில் ஏவல் செய்வோர் சிறுவராகவே இருந்தமையால் இது நிகழ்ந்தது. அதன்பின் வழிகள் பிரிந்தன. முதற்சொல் மன்னனுக்குப் போர்ப்பணி செய்யும் ஏவலாளைக் குறித்து, உயர்ந்து உயர்ந்து 'நைட்' என்னும் வீரப்பட்டமாயிற்று. இரண்டாம் சொல் இழிந்து இழிந்து 'நேவ்' ஆகிக் கயவனைக் குறித்தது. உடன்பிறந்தார் இருவருள் ஒருவர் அரண்மனைக்கும் ஒருவர் சிறைச்சாலைக்கும் சென்ற கதை போன்றது இது. ஜெர்மன் மொழியில் முன்னதன் இணைச்சொல் இன்றும் ஏவலாளையே குறிக்கிறது. பின்னதன் இணைச்சொல் குற்றமற்ற சிறுவனையே குறிக்கிறது. ஆகவே உயர்வும் இழிவும் சொல்லின் பிறவிக்குணம் அல்ல.

'பாய்' என்ற சொல்லும் இடைக்கால ஆங்கிலத்தில் ஏவலாளைக் குறித்தது. (இது உருது வழியே நம் ஊர்களில் சகோதரர் என்ற பொருளில் வழங்கும் 'பாய்' அன்று, ஒலி ஒன்றாயினும் குலம் வேறு.) காலனி ஆட்சிக் காலத்தில் ஆங்கிலேயர் வீட்டுப் பணியாளர் ஐம்பது வயதினராயினும் 'பாய்' என்றே விளிக்கப்பட்டார். 1886இல் வெளிவந்த ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியான 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' இவ்வழக்கைப் பதிந்துள்ளது. பல்லக்குத் தூக்குவோரை 'பாய்' என்றது தென்னிந்தியச் சமூகப் பெயராகிய 'போயி' என்பதன் திரிபு என்றும் அது குறிக்கிறது. அமெரிக்காவில் கறுப்பினத்து ஆடவரும், நரைத்த பின்னரும், இச்சொல்லாலேயே அழைக்கப்பட்டனர். பேரப்பிள்ளை கண்டவரைச் சிறுவன் என்பது வயதைப் பற்றிய பேச்சு அன்று.

'கேர்ள்' பற்றி ஒன்று சொல்லி அகலலாம். 1300ஐ ஒட்டிய காலத்தில் அச்சொல் ஆண், பெண் இருபால் சிறாரையும் குறித்தது. சாசர் அதனை இளையோர் என்ற பொதுப்பொருளில் ஆண்டிருக்கிறார். ஆணைக் குறிக்க விரும்பினால் 'நேவ்' என்பதனை அடையாகச் சேர்த்தனர். 'ஆண்பிள்ளை', 'பெண்பிள்ளை' என்று நாம் சொல்வதை இது ஒக்கும்.

மூத்தவர் என்னும் விளி

இலத்தீனில் முதியவரைக் குறிக்கும் சொல் 'செனெக்ஸ்'. அதன் ஒப்பீட்டு வடிவம் 'சீனியர்', இன்னும் மூத்தவர். உரோமானியரின் ஆட்சிமன்றம் மூத்தோர் அவையாதலின் 'செனட்' எனப்பட்டது. நம் பல்கலைக்கழகங்களின் செனட்டும் பெயரளவில் முதியோர் கூட்டமே. 'சீனியர்' என்பது பழைய பிரெஞ்சில் தேய்ந்து 'சயர்' ஆகி, ஆங்கிலத்தில் 'சர்' ஆயிற்று. அதுவே தமிழ்நாட்டு வகுப்பறையில் 'சார்' ஆகி ஒலிக்கிறது. நேற்றுப் பணியில் சேர்ந்த இருபத்தைந்து வயது விரிவுரையாளரை மாணவர் 'சார்' என்னும்போது 'மூத்தவரே' என்றே விளிக்கின்றனர். அதே நாளில் அலுவலகத்தில் முதிய ஊழியர் ஒருவர் இளம் அதிகாரியை 'சார்' என்கிறார். மூத்தவர் இளையவரை மூத்தவரே என்று அழைக்கும் இவ்விந்தையில், வயது முற்றிலும் கழன்றுபோய்ப் பதவி மட்டும் எஞ்சி நிற்கிறது.

அலிகாரில் 1875இல் கல்விக்கூடம் கண்ட சையத் அகமது கானுக்கு 1888இல் ஆங்கில அரசு 'நைட்' நிலையிலான பட்டம் வழங்கியது. அதனாலேயே அவர் 'சர் சையத்' எனப்பட்டார். வேர்ப்பொருளில் 'நைட்' என்பது சிறுவன். 'சர்' என்பது மூத்தவர். ஒரே பட்டத்தில் இரண்டும்! அப்போது அவருக்கு வயது எழுபது.

மூத்தவர் என்ற சொல் தலைவர் என்ற பொருளுக்கு உயர்வது இலத்தீனுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கில நகராட்சிகளின் 'ஆல்டர்மன்' என்பதற்கு மூத்த மனிதர் என்று பொருள். கிறித்தவ குருவைக் குறிக்கும் 'பிரீஸ்ட்' கிரேக்கத்தில் மூத்தவர். ஆங்கிலம் அரபியிலிருந்து கடன்பெற்ற 'ஷேக்' என்பதும் முதற்கண் முதியவரையே குறித்தது. பின்னர்க் குலத்தலைவரையும் ஞானாசிரியரையும் குறித்து, நம் மக்களிடையே இயற்பெயராகவும் ஆயிற்று. திருக்குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் 23ஆம் வசனத்தில் பெற்றோர் முதுமையைச் சுட்டும் சொல் 'கிபர்'. பெரியவர் எனப் பொருள்படும் 'கபீர்' என்பதன் வேரினது அது. அம்முதுமையை 'எட்டுதல்' என்பதற்கு அங்கே வரும் வினை, 'பாலிக்' என்பதற்குரிய வேரினதே. அறிவு தேயும் தள்ளாமையைப் பற்றி 16ஆம் அத்தியாயத்தில் தனியே பேசப்படுகிறது. முதுமையும் தள்ளாமையும் அங்கே வெவ்வேறு சொற்களால் குறிக்கப்பெறுகின்றன என்பது கருதத்தக்கது.

ஆங்கிலத்தில் அவ்வேறுபாடு குழம்பிப்போயிற்று. 'சர்' பிறந்த அதே 'செனெக்ஸ்' வயிற்றில் 'செனைல்' பிறந்தது. 17ஆம் நூற்றாண்டில் அச்சொல் ஆங்கிலத்தில் நுழைந்தபோது 'முதுமைக்குரிய' என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. 19ஆம் நூற்றாண்டில் உடலும் உள்ளமும் தளர்ந்த நிலையைக் குறிக்கத் தொடங்கியது. இன்று அது ஏச்சு. அறிவியலார் கிரேக்கத்திலிருந்து புதுச்சொற்கள் கொணர்ந்தனர். 1903இல் மெச்னிகாஃப் 'ஜெரன்டாலஜி' என்ற பெயரையும், 1909இல் நாஷர் முதியோர் மருத்துவத்துக்கு 'ஜீரியாட்ரிக்ஸ்' என்ற பெயரையும் தந்தனர். நாளடைவில் 'ஜீரியாட்ரிக்' என்பதும் கேலிச்சொல் ஆயிற்று. முதியோரை இழிவாக எண்ணும் போக்குக்கு 'ஏஜிஸம்' என்று 1969இல் ராபர்ட் பட்லர் பெயரிட வேண்டிய நிலை வந்தது. எண்பதுகளில் இருப்பவரை 'ஆக்டோஜினேரியன்' என்று இலத்தீன் எண்ணால் சுட்டுவதும், 'சீனியர் சிட்டிசன்' என்று 1930களில் அமெரிக்காவில் புனைந்ததும் இவ்விழிவைத் தவிர்க்கக் கைக்கொண்ட வழிகளே எனலாம். நம் நாட்டில் 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 60 வயது நிரம்பியோரை மூத்த குடிமக்கள் என்று வரையறுக்கிறது. 'மூத்த' என்பது இங்கே நல்ல தேர்வு. 'கிழ' என்ற அடை எவர்க்கும் தோன்றவில்லை.

தமிழாக்குவோர் கவனத்துக்கு ஒன்று. நினைவு குலையும் நோயை ஆங்கில மருத்துவர் முன்பு 'செனைல் டிமென்ஷியா' என்றனர். முதுமை வந்தால் அறிவு மங்குவது இயல்பே என்ற எண்ணம் அந்த அடைமொழியில் இருந்தது. அது நோய், முதுமையின் இயல்பான கூறன்று என்பது இன்றைய மருத்துவத்தின் துணிபு. ஆகையால் மருத்துவ வழக்கில் அந்த அடைமொழி பெரிதும் கைவிடப்பட்டது. தமிழிலோ 'முதுமை மறதி' என்ற தொடர் இன்னும் வழங்குகிறது. அப்பெயரைக் கேட்ட வீட்டார், 'வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்' என்று மருத்துவரிடம் அழைத்துச் செல்லாமலே இருந்துவிடுகின்றனர். 'மறதிநோய்' என்றெழுதினால் போதும். அந்நோயின் முதன்மையான வகையை 1906இல் அறிவுலகுக்கு எடுத்துரைத்த அல்சைமர், தாம் கண்ட நோயாளியை 1901இல் பிராங்பர்ட் மருத்துவமனையில் முதன்முதலாகச் சோதித்தபோது அப்பெண்மணியின் வயது 51.